மணவாளன் சொல்ல மறுத்த வார்த்தை

கடலூர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வுபெற்ற மணவாளனுக்குக் குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. அந்தக் காலத்தில் வாசலில் நின்று அவர் பேர் கூப்பிட்டால், எதிர்ப்பக்க டீக்கடையில் இருக்கும் சாட்சிக்காரன் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு நிலத்தைப் பறிகொடுத்தவர்களையும், சத்தியம் செய்த வாய் மூடுவதற்குள் பொய் சொன்னவர்களையும் அதே வாசலில்தான் பார்த்தார். யாரையும் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. காய்கறிக்காரியின் தராசைக்கூடக் குனிந்துதான் பார்ப்பார்.

மனைவி போன பிறகு சிதம்பரத்தில் மகள் இலக்கியாவோடு இருந்தார். அவளுக்குச் சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஒருநாள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். பார்வையில்லாதவர்களுக்காகப் பாடப்புத்தகம் வாசிக்க ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பலாமாம்.

"யாரு அவுங்க? நம்மள எப்படித் தெரியும்?"

"தெரியாதுப்பா. விளம்பரம்தான்."

"தெரியாதவனுக்கு எதுக்கு நம்ம கொரலு?"

ஆனாலும் அவள் விடவில்லை. கம்ப்யூட்டரில் செருகுகிற மலிவான மைக் ஒன்று வாங்கினாள். கூடத்தில் வைத்துப் பேசிப் பார்த்தால் ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர், ரயில் எல்லாம் சேர்ந்து விழுந்தது. யாரோ சொன்னார்கள் என்று சுவரில் முட்டை அட்டை ஒட்டினாள். எதிரொலி போகவில்லை, அட்டைக்குப் பின்னால் பல்லி குடிவந்ததுதான் மிச்சம். கடைசியில் பீரோவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் கனத்த போர்வையைக் கட்டினாள். 'ப' வரும்போதெல்லாம் காற்று புஸ்ஸென்று அடித்தது. எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணியை இழுத்து மாட்டி முன்னால் வைத்ததும் அதுவும் நின்றது. காதோடு காதாகப் பேசுவதுபோல் தன் குரல் திரும்பி வந்தபோது மணவாளனே கொஞ்சம் அசந்துபோனார்.

ஆனால் மைக்கில் எரியும் சின்ன சிவப்பு விளக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை முடிந்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டு மேலே துண்டைப் போட்டு மூடுவார். அந்த அறையில் வீட்டு விஷயம் எதுவும் பேசமாட்டார்.

இரண்டு பாடம் அனுப்பிய பிறகு விளம்பரம் கொடுத்த இடத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டான். தேனாகப் பேசினான். "ஐயா, இன்னும் கொஞ்சம் வார்த்தைங்க தனித்தனியா வேணும். உங்க பேரு, பிறந்த தேதி, சைபர்லேருந்து ஒம்போது வரைக்கும். அப்புறம் 'ஆமாம்', 'எனக்குச் சம்மதம்'."

"சம்மதம்னு எந்தப் பாடத்துல வருது?"

"அது குரல் சோதனைக்கு ஐயா."

"உங்க ஆபீசு எந்த ஊர்ல இருக்கு?"

முதலில் சென்னை என்றான். இன்னொரு தடவை கேட்டபோது கோயம்புத்தூர். எழுத்தில் அனுப்பச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. மறுநாள் அந்த எண்ணும் இல்லை, விளம்பரமும் இல்லை.

மணவாளன் மகளைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நீ அந்த வார்த்தையெல்லாம் சொல்லி அனுப்பினியா?"

"போன வாரமே, நீங்களும் வாசிக்கலாமேன்னு சொல்லி எங்கிட்டயும் இதையெல்லாம் கேட்டாங்கப்பா. எல்லாத்தயும் பதிஞ்சு அனுப்பிட்டேன்."

அவர் திட்டவில்லை. அன்றே இருவரும் கடலூர் போய் சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள், பேங்கிலும் சொல்லிவைத்தார்கள். அந்தப் பதிவை வைத்து அவள் குரலிலேயே கம்ப்யூட்டரைப் பேசவைத்துப் பணம் பறிப்பார்கள் என்றார் போலீஸ்காரர். தெரிந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, "இலக்கியா கொரல்ல யார் என்ன கேட்டாலும் நம்பாதீங்க" என்றார் மணவாளன். வீட்டுக்குள்ளும் ஓர் ஏற்பாடு. புது நம்பரிலிருந்து பேசினால், இவர்கள் முன்பு வளர்த்த கன்றுக்குட்டியின் பேரைச் சொல்ல வேண்டும். இலக்கியா அரைமனதோடு தலையாட்டினாள்.

பிறகு ஒரு மழைச் சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா, பஸ்ஸு வழியிலயே நின்னுபோச்சு. எம் போன்ல சார்ஜ் இல்ல. வண்டி எடுத்துட்டு வாப்பா."

இலக்கியாவின் குரலேதான். அந்த அலுப்புகூட அவளுடையதுதான். செருப்பை மாட்டப் போன மணவாளன் நின்றார்.

"கன்னுக்குட்டி பேரச் சொல்லு."

"என்னது? அப்பா, நனைஞ்சுட்டு நிக்கிறேன். நான்தாம்பா."

"பேரச் சொல்லும்மா."

"ஞாபகம் வரலப்பா," என்று அவள் அழுதாள். அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஷேர் ஆட்டோவிலிருந்து தெப்பமாக நனைந்து இறங்கினாள் இலக்கியா. வாசலிலேயே நின்றாள்.

"எங் கொரலு உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுது," என்றார் மணவாளன். "அதனாலதான் பயந்துட்டேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டார். எடுத்தது ஒரு பெண்பிள்ளை. "எங்கூட பஸ்ல வந்த பொண்ணு வந்து சேந்துச்சுங்களா? பாவம், அப்பா போனை எடுக்கலன்னு ரொம்ப அழுதுச்சு."

"வந்துடுச்சும்மா," என்றார் மணவாளன். கோர்ட்டையே அதட்டிய அந்தக் குரல் அவர் காதுக்கே எட்டவில்லை.