மறுபடி கேட்ட ரத்தம்

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக அக்கா தூக்கிப் பிடித்த அந்தச் சிறு குழாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அதில் லேசாக ரோஜா நிறம் கலந்திருந்தது. "நல்லாப் பாரு, எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா?" என்று கேட்டார். எனக்கும் தெரிந்தது.

புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்த புதிது அது. அக்கா எனக்கு மூத்த ஆய்வு மாணவி. முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நம் உடலின் செல்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகளை ஓயாமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குள் ஆர்.என்.ஏ. என்னும் செய்தித் துணுக்குகள் உண்டு. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே அந்தத் துணுக்குகளில் மாற்றம் தெரியுமா என்பதுதான் அக்காவின் கேள்வி. தெரிகிறது என்றது அவருடைய முடிவு. பேராசிரியர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கித் தந்தார். கட்டுரையும் தயாராகிவிட்டது.

அந்த நிறம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. நோயாளிகளின் ரத்தம் தேங்காய்த்திட்டில் நாங்கள் நடத்திய சர்க்கரை நோய் முகாமிலிருந்து வெயிலில் குலுங்கிக்கொண்டு வந்தது. ஒப்பிடுவதற்கான ரத்தத்தையோ பக்கத்து அறையிலேயே எங்களைப் போன்ற நோயில்லாதவர்களிடம் எடுத்தோம். வழியில் உடைந்த சிவப்பணுக்கள் கசியவிட்டதைத்தான் நோயின் அடையாளம் என்று கொண்டாடியிருக்கிறோம். சொல்லாமல் விட்டிருந்தால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எழுந்து பேராசிரியர் அறைக்குப் போனார். "சார், நாம பாத்தது நோய் இல்ல, ரோடு" என்றார். பேராசிரியர் மேசைமேலிருந்த கட்டுரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு, "முதல்லேர்ந்து ஆரம்பிம்மா" என்றார்.

முதலிலிருந்து என்றால், அதே மனிதர்களிடம் போய் மறுபடி கையை நீட்டச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் மீன் ஏலமெடுத்து விற்கும் அம்மா. கணவரைச் சிறுநீரக நோய்க்குப் பறிகொடுத்தவர். அக்கா எதையும் மறைக்கவில்லை. "நாங்க எடுத்துட்டுப் போன விதம் தப்பும்மா. திரும்ப எடுக்கணும்."

அந்த அம்மா மீன் கூடையைக் கீழே இறக்கி வைத்தார். "எங்க வூட்டுக்காரருக்கு நோவு இருக்குன்னு தெரியறப்பவே டயாலிசிஸ்னு சொல்லிட்டாங்க. எனக்கடுத்து வர்றவங்களுக்காவது முன்னாடியே தெரியட்டும். எடுத்துக்க கண்ணு" என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினார்.

இம்முறை இயந்திரத்தையே முகாமுக்குக் கொண்டுபோனோம். எடுத்த இடத்திலேயே ரத்தத்தைச் சுழற்றினோம். இரண்டாவது முடிவில் தெரிந்த மாற்றம் முன்பைவிட மிகச் சிறியது. ஆனால் எத்தனை தடவை சோதித்தாலும் அது மறையவில்லை. இன்னும் அது ஒரு மருத்துவப் பரிசோதனையாகிவிடவில்லை. வேறு ஊர்க்காரர்களிடமும் பார்த்தாக வேண்டும். அக்கா பட்டம் பெற்று வேறு ஊரில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். இங்கே முகாமை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் அந்த அம்மா வந்திருந்தார். முதன்முறையாக வந்த ஒரு பெண் நாற்காலியில் உட்காரத் தயங்கி, "இவங்க சொல்றத நம்பலாமா?" என்று அவரிடம் மெல்லக் கேட்டார்.

"தாராளமா நம்பு. தப்பாப் போச்சுன்னா அவங்களே வந்து சொல்லிடுவாங்க."

அந்தப் பெண் வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.