கேட்காத இடத்தில் சொன்ன பாஸ்வேர்டு

அலுவலகத்தில் அவளுக்குச் சாவிக்காரி என்று பட்டப்பெயர். எங்கெங்கோ இருக்கும் சர்வர்களுக்குள் தினமும் காலையில் ஸ்கிரிப்ட் என்கிற சிறு புரோகிராம் ஒன்று நுழைந்து சரிபார்க்கும். ஒவ்வொரு சர்வரும் அதை நிறுத்திப் பாஸ்வேர்டு கேட்கும். அவள் உட்கார்ந்து கையால் அடிப்பாள். "தானா ஓடுற ஸ்கிரிப்டுன்னு பேரு, பக்கத்துல ஆள் காவல் இருக்கணுமாம்" என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதுவதும், கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவதும் ஒன்றுதான் என்பாள்.

அறுவை சிகிச்சைக்கு லீவு போட்டபோது வேறு வழியில்லாமல் கொழுந்தனிடம் பாஸ்வேர்டைச் சொன்னாள். யார் யார் காலிலோ விழுந்து அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"கையாலதான் அடிக்கணும். எங்கயும் எழுதி வைக்காத."

"உங்க மேல சத்தியமா அண்ணி."

சத்தியம் பண்ணின துரைக்கு மறுநாளே விரல் வலித்துவிட்டது. ஸ்கிரிப்டே பாஸ்வேர்டை அனுப்பும்படி மாற்றிவிட்டான். ஆனால் ஒரு சர்வரை மட்டும், ஸ்கிரிப்டின் டிஜிட்டல் சாவியைச் சரிபார்த்து, பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும்படி அவள் லீவுக்கு முன் மாற்றியிருந்தாள். அங்கேயும் ஸ்கிரிப்ட், கேட்டார்களா இல்லையா என்று பார்க்காமல் உளறிக் கொட்டியது. சர்வர் அதை ஏதோ கட்டளை என்று நினைத்து, 'இப்படி ஒரு கட்டளை கிடையாது' என்று பாஸ்வேர்டோடு சேர்த்து, எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவில் எழுதி வைத்தது. எவனோ அதை எடுத்து, அவள் பெயரில் நுழைந்து, வாடிக்கையாளர்களின் கோப்புகளைத் துடைத்துப் போட்டுவிட்டான்.

லீவு முடிந்து வந்த அன்றே, மேலாளர் அறையில் அந்த வரியைத் திரையில் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்காத இடத்தில் மனுஷன் எவனும் பாஸ்வேர்டு அடிக்க மாட்டான். வயிற்றுத் தையல் சுரீர் என்றது. எதிரே கொழுந்தன் நின்றான். அவனே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

"நான் லீவுல இருந்தேன் சார். இவன்கிட்டதான் குடுத்துட்டுப் போனேன்."

மேலாளர் அவன் பக்கம் திரும்பினார். "உண்மையாப்பா?"

அவன் தரையைப் பார்த்தபடி, பரிதாபமாகச் சொன்னான். "அண்ணி அவங்க பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்க மாட்டாங்க சார். ஆபீஸுக்கே தெரியும்."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இத்தனை வருஷம் கிண்டல் செய்தவர்கள் ஆயிற்றே, அவர்களுக்குத் தெரியாதா. அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பாத்துப் போங்க அண்ணி" என்று அவன்தான் கதவைத் திறந்துவிட்டான்.