மங்களத்துக்கு முன்னால் இன்னொரு பாட்டு

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கென்று ஒரு ரசிகை இருப்பதாக மனதார நம்பினேன். எழுபதுகளின் கடைசி அது. திருவள்ளூரில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பு மாணவிகளை, சமூக சேவை என்று சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போவார்கள். பாட்டு டீச்சர் சுருதிப் பெட்டியோடு முன்னால் நடப்பார். நாங்கள் ஆறு பேர் பின்னால். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணிக்கு மங்களம். மங்களம் பாடிவிட்டால் கச்சேரி முடிந்தது, அதற்கு மேல் ஒரு பாட்டுகூடக் கூடாது என்பதில் டீச்சர் கறார்.

அங்கே முதல் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். மங்களத்துக்காக டீச்சர் தொண்டையைச் செருமியதும் அவர் கை உயரும். "இன்னொன்னு பாடு கண்ணு." வேறு யாரிடமும் இல்லை, என்னிடம்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதையே சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோர் காதும் புளித்துப்போனது.

ஆனால் எதையும் சும்மா விட்டு எனக்குப் பழக்கமில்லை. நான் பாடும்போது அந்த அம்மா என்னைப் பார்ப்பதே இல்லை என்பதை மூன்றாவது வாரம் கவனித்தேன். கழுத்தைத் திருப்பி வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டலும் இல்லை, தாளமும் இல்லை. கேட்காத பாட்டை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? அடுத்த வாரம் சோதித்துப் பார்த்தேன். அவர் இன்னொன்று கேட்டதும், அப்போதுதான் பாடி முடித்த அதே பாட்டை மறுபடி பாடினேன். தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இது நல்லா கீது, புதுசா?" என்றார் அந்த அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தைவிட, காரணம் தெரிந்துகொள்ளும் அரிப்புதான் அதிகம். அன்று மங்களம் முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேவிட்டேன். "நீங்க பாட்டே கேக்கலியே, அப்புறம் எதுக்கு இன்னொன்னு பாடச் சொல்றீங்க?"

அவர் கூச்சப்பட்டார். "எம்புள்ள கும்முடிப்பூண்டில இரும்பு கம்பெனில வேல செய்யறான் கண்ணு. நாலு பேரோட ஒரே ரூம்ல கீறான், என்னை எங்க வச்சிக்குவான்? ஷிப்டு ஒத்துவந்தா சனிக்கெழம ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜுல வண்டி மாறி ஓடியாரான். நீங்க மங்களம் பாடனதும் வாட்ச்மேன் கேட்ட பூட்டிடறாரு. ரெண்டு வாட்டி வந்து, பூட்டிக்கினு இருக்கவே திரும்பிப் போயிட்டான்."

வாட்ச்மேனையும் விசாரித்தேன். பார்க்க வருபவர்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான். உள்ளே வந்துவிட்டவர்கள் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இருக்கலாம். நிகழ்ச்சி முடிந்தபிறகு புதிதாக யாரையும் விடக் கூடாது என்று உத்தரவு. "எனக்கு இன்னா தெரியும்? மங்களம் கேட்டா பூட்டுவேன்" என்றார். அவரிடம் கடிகாரம் இல்லை.

டீச்சரிடம் சொன்னேன். "அதுக்காகக் கச்சேரியை ஜவ்வா இழுக்க முடியுமா?" என்று கடிந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குள் எங்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோயின. அந்த அம்மா கையை உயர்த்தவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டதால் கேட்க வெட்கமோ என்னவோ. பார்வை மட்டும் கேட்டில் இருந்தது. டீச்சர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன்.

"டீச்சர், சரளி வரிசை பாடட்டுமா?"

பாட்டு கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் வாரம் சொல்லித்தரும் ஸ்வரப் பாடம் அது. அதைக் கச்சேரியில் யாரும் பாட மாட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், சுருதிப் பெட்டியை மறுபடி அமுக்க ஆரம்பித்தார்.

முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று ஒவ்வொன்றையும் மூன்று கால வேகத்திலும் பாடினோம். அங்கிருந்த பெரியவர்கள் ஏதோ பெரிய கீர்த்தனை போலப் பயபக்தியோடு கேட்டார்கள். பத்தாவது வரிசையில் கேட் கிறீச்சிட்டது. சட்டையில் கிரீஸ் கறையோடு, வேர்த்து விறுவிறுக்க ஒருவர் உள்ளே வந்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அடுத்த நொடி என் பக்கம் கை உயர்ந்தது.

"போதும் கண்ணு. மங்களம் பாடிடு."

"இருக்கட்டும்மா, பாப்பா பாடட்டும்" என்றார் மகன்.

"அது வாராவாரம் பாடும். நீ வாராவாரம் வருவியா?"

எனக்கு மூக்குடைந்ததுதான். ஆனாலும் அழுகை முட்டும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு வேகமாக அதற்குப் பிறகு நான் மங்களம் பாடியதே இல்லை.