கார் ஏசிக்கு முப்பத்து நாலாயிரம் சொன்னார்கள்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தும் சொந்தக் காலில் நிற்கின்றன. கடைசி மகன் கார் ஓட்டுகிறான். திருமுல்லைவாயிலிலிருந்து நாலு பெண்களைக் காலையில் ஐ.டி. கம்பெனியில் விட்டு, சாயங்காலம் அழைத்து வருவான். அதுதான் அவன் பிழைப்பு.

தீபாவளி கழிந்ததிலிருந்தே காரில் ஏசி சரியாக வரவில்லை. இரண்டு முறை கேஸ் அடைத்தான். கொஞ்ச நாள் குளிரும், பிறகு அனல்தான். பங்குனி வெயிலில் அந்தப் பெண்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் ஏசி ஓடவில்லை என்றால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அம்பத்தூரில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டினான். கம்ப்ரசர் போய்விட்டது, முப்பத்து நாலாயிரம் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னொருத்தர் கிட்ட காட்டாம இன்னாத்துக்குடா முழிச்சிகினு கீற?" என்றேன்.

பூந்தமல்லியில் ஒரு பாய் கார் ஏசி வேலை மட்டும் செய்கிறார். சனிக்கிழமை காலை அங்கே கிளம்பினான். நானும் ஏறிக்கொண்டேன்.

"நீ இன்னாத்துக்குமா? அங்க குந்த இடம் கூட இருக்காது."

"காருல சீட்டு கீதுல்ல. அதுலயே குந்திகினு பாக்கறேன்."

பாய் கம்ப்ரசரை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "இது நல்லாத்தான் சுத்துது. கேஸ் எங்க போவுதுன்னு யாராவது பாத்தாங்களா?"

"இல்ல பாய். அடைச்சு அடைச்சு அனுப்பிட்டாங்க."

குழாய்களில் காற்றை ஏற்றிவிட்டுச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சிலிண்டர் மாற்றினால் வீட்டில் தடவிப் பார்ப்போமே, அதே வேலைதான். குழாய்களில் ஒன்றுமில்லை. காரின் முகப்பில், வலைக்குப் பின்னால் கண்டன்சர் என்று ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் மிளகளவு நுரை எழும்பியது. துடைத்தால் திரும்பவும் எழும்பியது. டார்ச் அடித்துக் காட்டினார். ஊசி குத்தினது போல ஓர் ஓட்டை.

"இத மாத்தி கேஸ் அடைச்சா எட்டாயிரத்து ஐநூறு ஆவும். நாளைக்குக் குடுத்துடறேன்."

மகன் சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். அவன் என் ஜன்னலுக்கு வந்து குனிந்தான்.

"கல்லு அடிச்சா நசுங்கும்மா. இது குத்துன மாதிரி கீது. நம்ப அசந்த நேரம் அவரே குத்திட்டிருந்தா? வா, போலாம்."

சாவியைத் திருப்பி வாங்கப் போனான். நான் காரைவிட்டு இறங்கினேன். குத்தியது யாரென்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு அந்தக் காரைக் கழுவியது நான். வலைக்குள் காய்ந்த இலையும் பூச்சியும் அடைத்துக் கிடந்தன. விரல் நுழையவில்லை. கோணி ஊசியை விட்டு ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். அழுக்கின் மேல் சந்தனம் வைக்க எனக்கு மனம் வராது.

"அவரு குத்தலடா. நான்தான் குத்தனேன். ஆயுத பூஜைக்கு, கோணி ஊசில."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பாய்தான் முதலில் சிரித்தார்.

"பூஜை முடிஞ்சா எங்களுக்கு இந்த வேலை நெறைய வரும்மா. ஆனா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. கல்லும்பாங்க, எலிம்பாங்க."

"எட்டாயிரத்து ஐநூறுக்குச் சந்தனம் வெச்சிகீற," என்றான் மகன்.

"வெச்சேன். அன்னிக்குத் தெருவுலயே உன் காருதான் பளிச்சுன்னு இருந்துச்சு."

அவன் பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சாவியை மட்டும் அவர் கையிலேயே விட்டுவிட்டான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் கார் வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை பாதி வழியில் ஒரு பெண் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, "அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

எழுதி முடித்துவிட்டேன். பேத்திக் கண்ணு, இங்கே வாடி. இதை உரக்க ஒரு தரம் படி. எங்கேயாவது எழுத்து விட்டுப்போயிருந்தால் சொல்.