அடுப்பில் விழுந்த நாவல்

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் ராமக்காள் எந்த நாவலையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவாள். "யாரு சாவறாங்கன்னு மொதல்லயே தெரிஞ்சுட்டா, அப்புறம் பதறாம படிக்கலாங்க" என்பாள். பால் பொங்கும்வரை கொஞ்சம், லாரிக்காரர்கள் டீ குடித்து முடிக்கும்வரை கொஞ்சம். மழையையும் நிலாவையும் வர்ணிக்கும் பத்திகளைத் தாண்டிவிடுவாள். தர்மபுரி நூலகத்துக்கு அவள் திருப்பித் தரும் புத்தகங்களில் டீக்கறை இல்லாமல் இருக்காது.

அடிக்கிற புருஷனை மன்னிக்கும் கதாநாயகிகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மாமியார் தங்கம்மாளுக்கோ அவர்களைத்தான் பிடிக்கும். வெங்காயம் உரித்தபடி கதை கேட்பாள். அந்த இடம் வந்தால் இருவருக்கும் சண்டை.

"அவ மன்னிக்காம என்னா பண்ணுவா? புள்ளைங்கள வெச்சிக்கிட்டு எங்க போவா?"

"காயிதத்துல எழுதறதுதானங்க அத்த. அவளுக்கு ஒரு வூடு எழுதிக் குடுத்தா கதை எழுதறவரு கொறைஞ்சா போயிருவாரு?"

ராமக்காளின் புருஷன் கிருஷ்ணப்பன் அடிக்கிறவன். தொப்பூர் கணவாயில் லாரியைக் கவிழ்த்த பிறகு அவனை நம்பி யாரும் வண்டி தரவில்லை. குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றுவான். ஒருமுறை அவன் அறைந்ததில் அவளுக்கு இடது காது மந்தமாகிவிட்டது. புத்தகம் படிப்பதால்தான் அவளுக்குத் திமிர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் அவன் கடைக்கு வெளியே நின்று கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்தவன் அவள் கையிலிருந்த நாவலைப் பிடுங்கி விறகடுப்பில் செருகினான்.

"கூப்புட்டா காதுல உழல? இனிமே படிடி, பாக்கலாம்!"

அவள் யோசிக்காமல் நெருப்புக்குள் கையை விட்டாள். விரல்கள் கருகின. அவன் அவளுடைய கூந்தலைப் பிடித்து, போண்டா வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் முகத்தை மோதினான். கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. மறுபடி மோத இழுத்தான். ரத்தம் கண்ணை மறைக்க, அவள் கை துழாவி பால் சட்டியைப் பிடித்தது. கொதிக்கிற பாலை அவன்மேல் வீசினாள்.

கழுத்திலிருந்து மார்புவரை வெந்தது. அலறி விழுந்தவன் எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கம்மாளின் வெங்காயக் கத்தியை எடுத்தான். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் இத்ரீஸ் பெஞ்சைத் தூக்கி அவன் முழங்காலில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் சாலைவரை கேட்டது.

தூங்கிக்கொண்டிருந்தவன்மேல் பாலை ஊற்றிவிட்டாள் என்று ஸ்டேஷனில் கிருஷ்ணப்பனின் தம்பி சொன்னான். தங்கம்மாளைக் கேட்டார்கள்.

"மொதல்ல கை வெச்சது எம் பெரிய மவன்தாங்க. கத்தி எடுத்ததும் அவன்தான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

ஸ்டேஷன் வாசலிலேயே அந்தத் தம்பி தாயை அறைந்தான். போலீஸ்காரர்கள் அவனை உள்ளே இழுத்துப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்து வார்டிலிருந்து கிருஷ்ணப்பனின் கூச்சல் கேட்டது. ராமக்காள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "கதையில வந்திருந்தா கை தட்டியிருப்பேங்க அத்த. தோல் வெந்த நாத்தம் மூக்க வுட்டு போவ மாட்டேங்குது" என்று அழுதாள்.

கால் எலும்பு சேர்ந்ததும், கத்தி எடுத்த வழக்கில் ஜாமீன் வாங்கி அவன் ஓசூர் போனான். தை மாதம் குடித்துவிட்டு வந்து கடைமேல் கல்லெறிந்தான். ஒரு கல் தங்கம்மாளின் தோளில் பட்டது. லாரிக்காரர்கள் அவனைக் கீழே தள்ளி, வாயில் ரத்தம் வரும்வரை மிதித்தார்கள். ராமக்காள்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"போதும், வுடுங்க. செத்துருவாருங்க!"

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. விவாகரத்து வழக்கு நடக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இப்போது ராமக்காள் படிப்பது ஒரு கப்பல் பயணக் கதை. கடலையே பார்த்திராத தங்கம்மாளுக்கு அது ஒத்துவரவில்லை.

"இவ்ளோ தண்ணிமேல எப்புடித்தான் தூங்கறாங்களோ!" என்கிறாள்.