அவர் டோனட் சுட்ட வாரங்கள்

என் வீட்டுக்காரர் வேலை போய் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த புரட்டாசியில் கோவில்பட்டியில் மழை இல்லை. மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடும். காற்று அடிக்கும். கரிசல் புழுதி தெருவுக்குள் வந்து என் தையல் மெஷின் மேல் படியும். அப்புறம் பழையபடி வெயில்.

வளைகுடாவில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் இருந்த டோனட் கடையில் அவருக்கு வேலை. பல வருஷமாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். எப்போதாவது லீவில் வருவார். வந்தால் விருந்தாளி மாதிரிதான். சொந்தக்காரர்களைப் பார்க்கவே நாள் போய்விடும். இந்தத் தடவை கடையை மூடிவிட்டார்கள். வேறு கிளை திறந்தால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் போன் அவர் கையை விட்டு இறங்குவதில்லை. குளிக்கப் போனால்கூட பாத்ரூம் ஜன்னலில் அதை வைத்துக்கொண்டுதான் குளிப்பார்.

அவரால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஃபேனைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் டிரம்களை வாசலிலிருந்து கொல்லைக்கு மாற்றினார், மறுநாள் கொல்லையிலிருந்து வாசலுக்கு மாற்றினார். பஸ் ஸ்டாண்டு வரை டீ குடிக்கப் போய் டீ குடிக்காமலே திரும்பி வந்தார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். பகலில் நானும் மெஷினும் மட்டும் இருந்து பழகிய வீடு அது. பின்னால் ஒரு ஆள் நடந்துகொண்டே இருந்தால் எனக்குக் கத்தரி நேராக ஓடவில்லை.

பன்னிரண்டாவது படிக்கிற எங்கள் மகள்தான் ஒரு நாள் கேட்டாள். "எப்பா, இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் டோனட் போட்டுக் குடுத்தீங்க. எங்களுக்கு ஒரு நாள் செஞ்சு தாங்களேன். பழம் வச்சது."

அவர் உடனே எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். மைதா, ஈஸ்ட், ஆப்பிள், ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, இந்த டேபிளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கிடுதேன்" என்றார். நான் துணி வெட்டுகிற டேபிள் அது.

"கல்யாண வீட்டுத் துணி கெடக்கு."

"நீ அந்த ஓரமா வெட்டிக்கோ."

மைதாவைக் கொட்டிக் குவித்து நடுவில் குழி பறித்தார். அதோடு கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஈஸ்ட் எவ்வளவு போடணும்?" என்று என்னைக் கேட்டார்.

"என்னையக் கேக்குதீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்கன மாவு வட்டமா வெட்டி, ஐஸா உறைஞ்சு, பெட்டியில வரும். நான் எண்ணெயில போடுவேன், திருப்புவேன், எடுப்பேன். பழக்கூழ மெஷின் உள்ள ஏத்திரும். அவ்வளவுதான் என் வேல."

எனக்கு என்னவோபோல் இருந்தது. அவர் போனில் தன்னை 'டோனட் மாஸ்டர்' என்று சொன்னதை நம்பி, நான் தெருவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் சிரிக்கவில்லை. "வீடியோ பாத்துச் செய்வோம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாள் செய்தது கல். மறுநாள் ஆப்பிளைத் துண்டு போட்டுச் சேர்த்ததில், அது தண்ணீர் விட்டு மாவு பிரிந்துபோய், எண்ணெய் முழுக்கத் துண்டுகள் மிதந்தன. அடுத்த தடவை பழுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து மாவோடு சேர்த்தார். பழத்தின் இனிப்பால் வெளியே சட்டென்று கறுத்தது, உள்ளே பச்சை மாவாகவே இருந்தது. எண்ணெய்ச் சூடு மட்டும் அவருக்கு அத்துப்படி. ஒரு கிள்ளு மாவைப் போட்டு, அது எழுந்து வருகிற வேகத்தைப் பார்த்து அடுப்பைக் குறைப்பார், கூட்டுவார். மாவுதான் பிடிபடவில்லை. தினமும் ஒரு தடவை செய்து பார்க்காமல் விடமாட்டார். பக்கத்து வீட்டு ஆடுகள்கூட எங்கள் வாசலில் காத்து நிற்கப் பழகிவிட்டன. வீடு முழுக்க எண்ணெய் வாடை. முடித்துக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. எனக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டேயிருந்தது. ஆனால் சொல்ல வரவில்லை. அவ்வளவு காலம் வெளியே கிடந்துவிட்டு வந்த மனுஷனை இங்கே உட்காராதே, அங்கே நிற்காதே என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் காலையில் அரக்குக் கலர் பட்டுத் துணி ஒன்றை விரித்து வைத்திருந்தேன். கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட். அவர் அடுக்களையிலிருந்து அரிகரண்டியோடு ஓடி வந்தார். கரண்டியில் ஒரு டோனட்டை இரண்டாகப் பிய்த்து வைத்திருந்தார்.

"இங்க பாரு, உள்ள வெந்துருச்சு."

உண்மைதான், வெந்திருந்தது. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிப் பட்டில் விழுந்தது. கைப்பகுதிக்கு நான் கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் நாவல்பழம் அளவுக்குப் பரவியது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இது ஒங்க கடை இல்ல. என் கடை" என்றேன். "இந்த மெஷினுதான் இந்த வீட்ட ஓட்டிச்சு. நீங்க இல்லாதப்ப எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முதுகுப்பகுதிக்கு வெட்டியதில் விழுந்திருந்த பட்டுத் துணுக்கு ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த ஈடுக்குப் பிசைந்த மாவு அடுக்களையில் சட்டியில் அப்படியே இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அவர் போனும் இருந்தது.

நான் கறைமேல் முகப்பவுடரை அள்ளிக் கொட்டி, மேலே பேப்பரைப் போட்டு வைத்தேன். அப்போதுதான் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். முதல் தடவை விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது, எடுத்தேன். அவருடைய பழைய சூப்பர்வைசர். மலையாளம் கலந்த தமிழில் பேசினார். மாதக் கடைசியில் புதுக் கடை திறக்கிறார்களாம், அவருக்கு இடம் இருக்கிறதாம். வருகிறாரா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டுமாம்.

போனை வைத்ததும் என் மனசு முதலில் எங்கே போனது தெரியுமா? டேபிள் காலியாகிவிடும் என்றுதான். துணியை முழு நீளத்துக்கு விரிக்கலாம், மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு மெஷினிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பே எனக்குப் பிடிக்காமல் எழுந்துவிட்டேன். அவரைப் போலவே நானும் நடக்க ஆரம்பித்தேன். அடுக்களைக்குப் போனேன், வாசலுக்கு வந்தேன். மாடிக்கு ஏறி, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினேன். கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. போன் என் கையில் இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். "எம்மா, மாவு வெளிய வழியுது." காலையிலிருந்து வெக்கையில் கிடந்த மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. தோசை மாவு போலப் புளிப்பு வாடை அடித்தது. அவளே கையைக் கழுவிவிட்டு மாவை அமுக்கி, கொஞ்சம் மைதாவும் சீனியும் போட்டுப் பிசைய ஆரம்பித்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் அவர் வந்தார். பஸ் பிடித்து மதுரைக்கே போயிருக்கிறார். துணுக்கைக் காட்டிக் கடை கடையாக ஏறி இறங்கி, அதே அரக்கில் ஒரு பட்டுத் துணி வாங்கி வந்திருந்தார். டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஒன்று போலத்தான் தெரிந்தது.

"ஒரு போன் வந்துச்சு" என்று சொல்லி, கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டார். "சரி" என்றார். பிறகு மகள் பிசைவதைப் பார்த்துவிட்டு, "எண்ணெயக் காய வைக்கட்டா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் உருட்டி நடுவில் துளை போட்டுக் கொடுத்தாள். அவர் பொரித்தார். நான் சீனியைப் பொடித்து மேலே தூவினேன். நல்ல பழுப்பில், தொட்டால் அமுங்குகிற மாதிரி வந்தது. லேசான புளிப்பு, அதற்குப் பின்னால் வாழைப்பழ ருசி. அன்றைக்குத்தான் அது தின்கிற பண்டமாக இருந்தது. அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து தின்றோம்.

மகள் படிக்கப் போன பிறகு அவர் கேட்டார். "நான் இல்லாம இருந்து பழகிட்ட, என்ன?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "ஆனா போங்கன்னும் சொல்ல முடியல எனக்கு."

"போகாதீங்கன்னு சொல்லுதியா?"

"அதையும் சொல்ல முடியல."

அவர் விரலில் ஒட்டியிருந்த சீனியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாடியில் நின்று போன் பேசினார். கீழே வந்து, வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "தெரியல. அங்கன நாள் பூரா நிக்கணும். இங்கன உக்கார முடியல. ரெண்டுல இது பரவால்லன்னு பட்டுச்சு" என்றார். சந்தோஷமா கவலையா என்று எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கறைமேல் போட்டிருந்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன்.

பகல் வெளிச்சத்தில் அவர் வாங்கி வந்த துணி ஒரு நிறம் கூடுதலாகத் தெரிந்தது. பவுடர் கறையை முக்கால்வாசி இழுத்திருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மாவை வரச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கறை பட்ட துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையில ஆரி எம்ப்ராய்டரி கூடப் போட்டுருங்க, மறைஞ்சுரும்" என்றார். கூலி வேண்டாம் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அவர் பைபாஸ் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். பன், ரஸ்க், பப்ஸ். மாவு பிசைவதிலிருந்து எல்லாம் அங்கே செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டு வாழைப்பழ டோனட் போட்டுப் பார்த்தார். கொஞ்சம் விற்றது. மீதி வீட்டுக்கு வந்தது. வேலை முடிந்து வந்தாலும் நடக்கத்தான் செய்கிறார். சில நாள் வீடு காலியாக இருந்தால் தேவலை என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. சில நாள் அவர் வர நேரமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நான் போய் வருகிறேன்.

போன வாரம் கேட்டேன். "திரும்பக் கூப்பிட்டா போவீங்களா?"

"கூப்பிடட்டும். பாப்போம்" என்றார்.

அடுப்பில் பால் பொங்கி வருகிற சத்தம் கேட்டது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.