காயக்கூடாத சவ்வு

மழைக்காகக் கண்டியில் பல்கலைக்கழகத்தை மூடியபோது மகள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு டிக்கோயாவுக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் நனைந்த காகிதம்போல ஒரு வெள்ளைத் துண்டு. அதுதான் சவ்வாம். மரத்தக்காளித் தோலை ஊறவைத்த சாற்றை அதன் மேல் அழுத்திச் செலுத்தினால் சீனி கீழே இறங்கிவிடும். சிவப்பு நிறமும் அதோடு சேர்ந்த, உடம்புக்கு நல்லது செய்யும் ஒட்சியேற்ற எதிரிகளும் மேலே தங்கிவிடும். அவளுடைய கடைசி வருட ஆய்வே அதுதான். தண்ணீர் மாற்ற விடுதியில் ஆளில்லை என்று கையோடு கொண்டுவந்திருந்தாள்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் பகுதியில் வேலை செய்கிறவர். ஈரத்தில் கிடக்கும் எதுவும் அவருக்குக் கெட்டுக்கொண்டிருக்கும் பொருள். ஞாயிற்றுக்கிழமை மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தத் துண்டை எடுத்து, சுத்தமான துணியில் ஒற்றி, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது அது சுருண்டு தொங்கியது.

“பூஞ்சை புடிச்சிருமேன்னுதான் புள்ள…”

“அப்பா, இது கொழுந்து இல்லப்பா. காஞ்சா அதுல இருக்கற பொடி ஓட்டையெல்லாம் மூடிக்கிரும். இனி நனைச்சாலும் தொறக்காது.”

அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

விரிவுரையாளரிடம் இன்னொரு துண்டு இருக்கிறது, ஆய்வுகூடத்தை மட்டும் திறந்து தருவார், அங்கே எடுத்து வைத்த சாறு நிறம் மங்குவதற்குள் போகவேண்டும் என்றாள் மகள். போன மாதம் அந்தக் கண்டிப் பாதையில்தான், கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம், நான் இருந்த பஸ்ஸுக்கு முன்னால் மலை இறங்கி வந்தது. நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் மேசையை இழுத்தால் இப்போதும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

“ரோட்டத் தொறந்திட்டாங்களா?”

“ஒரு பக்கமா விடுறாங்கம்மா.”

“அப்ப நானும் வர்றேன்.”

“நீங்க வந்தா மலை நின்னுக்குமா?”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அந்த இடத்தில் பஸ் ஊர்ந்தது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் கண்ணை எடுக்காமல் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசையாது என்று ஒரு நினைப்பு.

ஆய்வுகூட வாசலில் அவளை விட்டேன். “பத்திரமா போங்கம்மா” என்றாள், பெட்டியைப் பார்த்தபடி.

கண்டி பஸ் நிலையத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது, வந்த வழியாகத்தான் திரும்பவேண்டும் என்று. ஹட்டன் பஸ் நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். அதை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். கால் வலித்தது. அதற்குப் பிறகு வந்ததில் ஏறி, மேடு தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.